எபிசோடு நடத்திய வானியல் மன்றம்

சேர்வராயன் மலையில் எத்தனையோ அதிசயப் பிறவிகள் பிறந்திருக்கலாம். ஆனால் ஒரு நட்சத்திரத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் ஒரு முழு வருஷம் வானியல் மன்றம் நடத்தியவன் எங்கள் எபிசோடு ஒருவன்தான். அந்த மன்றத்துக்கு அவனே தலைவன், அவனே செயலாளர், கதை வசனமும் அவனே. நான் உறுப்பினர். மொத்தமே மூன்று பேர் இருக்கும் ஒரு மன்றத்தில் வெறும் உறுப்பினராக இருப்பது எவ்வளவு கேவலம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வகுப்பில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவனே திரும்பிப் பார்ப்பான். எபிசோடு என்ற பெயருக்குக் காரணம் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர். கார்ட்டூன் என்று சொன்னால் அடிக்க வருவான். அனிமே என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு ஹைஸ்கூலில் வானியல் மன்றம், அதில் சில பையன்கள், சில பெண்கள், ஒரு டெலஸ்கோப், நிறைய வெட்கம், அடிக்கடி மழை. இதுதான் கதை. தொடரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்பீர்கள். அந்தப் பெருமையை அவனுக்குத் தர எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

எபிசோடுக்கு ஊர் மாரமங்கலம். வீட்டில் காப்பியும் மிளகும் பயிர். வாரத்தில் ஐந்து நாள் ஏற்காட்டில் ஹாஸ்டல், சனி ஞாயிறு ஊர். அவன் ஊரில் அப்போது சிக்னல் கிடைத்த ஒரே இடம், அவர்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தின் பாதி உயரம். மாமாவின் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மிளகு பறிக்கிற ஏணியில் ஏறி, கொடிக்கு நடுவே உட்கார்ந்து அந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்தான். கீழே அவன் அம்மா, பிள்ளை இந்த வருஷம் மிளகில் எவ்வளவு அக்கறையாக இருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரத்திலிருந்து இறங்கியவன் நேராக வந்து எங்கள் பள்ளியில் வானியல் மன்றம் ஆரம்பித்தான். பிளஸ் டூ தொடங்கிய ஜூன் மாதம் அது. ஏற்காட்டில் ஜூன் மாதம் வானியல் மன்றம் ஆரம்பிக்கிறவனை என்ன சொல்வது? நீட்டிய கை தெரியாத மூடுபனி. எதிரில் வருவது ஆளா மாடா என்பதே பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். ஃபிசிக்ஸ் லேபில் துருப்பிடித்த ஸ்டாண்டோடு ஒரு பழைய டெலஸ்கோப் இருந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஒரு ஹீரோ, ஒரு ஹீரோயின், ஒரு ஃப்ரெண்டு. மூணு பேரு போதும்டா. நீ சேந்துக்க."

"நான் யாரு?"

"போகப் போகத் தெரியும்."

நான் எஸ்டேட் ரைட்டர் மகன். கூலியாட்களின் கணக்கைத் தவிர வேறு எதையும் அண்ணாந்து பார்க்காத வம்சம். எனக்கு எதற்கு வானம் என்று சொல்ல வாயெடுத்தபோது, அவன் பின்னாலிருந்து எஸ்தர் எட்டிப் பார்த்தாள். "நானும் சேந்துட்டேன்" என்றாள். நானும் சேர்ந்துவிட்டேன்.

எஸ்தர் எங்கள் ஊர்ச் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவரின் மகள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்கும். அவளுக்கு அது தெரியாது. எங்கள் மன்றத்தில் வானத்தைப் பார்ப்பதற்காகவே சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். மூடுபனியைப் பார்த்து நான் சலித்துக்கொண்டால், "மேகத்துக்கு மேல எல்லாம் இருக்கும்ல, இல்லாமயா போயிரும்" என்பாள். இப்படிச் சொல்கிற பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கிருந்த பயமும் அதுதான்.

முதல் வாரமே எபிசோடு என் கையில் ஒரு பன்னைக் கொடுத்தான். அனிமேயில் காலையில் பள்ளிக்கு நேரமாகிவிட்டவர்கள் ரொட்டித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவார்களாம். தெருமுனையில் எதிரே வருகிறவர்மீது மோதுவார்களாம். அங்கேதான் காதல் பிறக்குமாம்.

"நீ இதக் கவ்விக்கிட்டு அந்த முக்குல வேகமா ஓடு. ட்ரயலு."

ட்ரயல்தானே என்று ஓடினேன். மூடுபனிக்குள் என் எதிரே வந்தது பி.டி. மாஸ்டர். அவர் தொப்பை பட்டு நான் கீழே விழுந்தேன். பன் அவர் விசில் கயிற்றில் தொங்கியது. சாப்பிட்டுக்கொண்டே ஓடினால் குடல் ஏறிக்கொள்ளும் என்று மைதானத்தை மூன்று முறை சுற்றச் சொன்னார். பன் இல்லாமல் சுற்றினேன். முனையில் நின்று எஸ்தரும் எபிசோடும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் வயிறு எரிய ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சினிமாவில் ஹீரோ குதிப்பதற்கு முன்னால் ஒரு டூப்பைக் குதிக்க வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த டூப் நான். ஹீரோ யார் என்று கேட்கவே வேண்டாம். மன்றம் அவனுடையது, கதை அவனுடையது, டெலஸ்கோப்பும் அவன் கையில். எவனாவது தானே எழுதுகிற கதையில் அடுத்தவனை ஹீரோவாக்குவானா? அந்தக் கோபத்தில், அவன் எத்தனை முறை சொல்லியும் அந்த அனிமேயை நான் பார்க்கவில்லை. வீம்புதான்.

அடுத்தது மொட்டை மாடி. ஜப்பான் பள்ளிகளில் மத்தியான சாப்பாட்டை மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள் என்றான். எங்கள் பள்ளி முழுக்க ஓட்டுக்கூரை, சரிந்து கிடக்கும். தட்டையான கான்கிரீட் கூரை ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் இருந்தது. பையன்களின் கழிவறை.

"அதுக்கு மேலயா?" என்று கேட்டேன்.

"மேல போயிட்டா கீழ என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? நீ மொதல்ல ஏறு. ஏறி இடதுபக்கமா உக்காரு. எஸ்தர் வலதுபக்கம் வருவா."

கூரை தாங்குமா என்று பார்க்க என்னை ஏற்றுகிறான் என்று நினைத்தேன். நீயே ஏறிக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு ஏறினான். அப்படி ஒரு இடத்துக்கு எஸ்தர் ஏறவேமாட்டாள் என்று நம்பியிருந்தேன். அவள் டிபன் பாக்ஸைப் பல்லில் கவ்விக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டாள். ஏணி ஆடியது. யாராவது பிடிக்க வேண்டுமே, பிடித்தேன். மேலே லெமன் சாதமும் சிரிப்பும். கீழே பினாயில் வாசனையும் நானும். "தொட்டுக்க ஊறுகா வேணுமாடா?" என்று அவன் மேலிருந்து கேட்டது இன்றைக்கும் காதில் விழுகிறது.

இதற்கு நடுவில் மன்றத்தை மூடச் சொல்லி அவனே எச்.எம். அறைக்குப் போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"ஏனுங்க சார், ஒரு ஒதவி பண்ணணுங்க."

"சொல்லு கண்ணு" என்றார் எச்.எம்.

"எங்க மன்றத்த இழுத்து மூடிருவேன்னு ஒருக்கா மெரட்டணுங்க சார்."

"எதுக்கு சாமி? நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலியே?"

"அதுல மூணாவது எபிசோடுல மெரட்டுவாங்க சார். அப்பறம்தான் எல்லாரும் ஒத்துமையாவாங்க."

எச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நீங்க எத்தன பேரு?"

"மூணு பேருங்க."

"மூணு பேருக்குள்ளயே ஒத்துமை இல்லியா?"

"ரெண்டு பேரு ஒத்துமைதானுங்க. ஒருத்தன் மட்டும் நொம்ப மொறைச்சுக்கிட்டே இருக்கானுங்க" என்று சொல்லி என்னைப் பார்த்தான்.

"செரி, மூடிருவேன். போதுமா?"

"கோவமாச் சொல்லணுங்க சார்."

"அடுத்த பீரியட் எனக்கு எட்டாம் கிளாஸ் கணக்கு இருக்குது சாமி. இருக்கிற கோவம் அங்க வேணும்" என்று எழுந்து போய்விட்டார்.

குடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மழை வர வேண்டும், இரண்டு பேருக்கு ஒரே குடை இருக்க வேண்டும், தோள் உரச வேண்டும். இது எல்லா அனிமேக்களுக்கும் பொதுவான சட்டம் என்றான். ஆனால் ஜப்பானில் ஆட்கள் குடையை மறந்துவிட்டு வருவார்கள்போல. ஏற்காட்டில் பிறந்தவன் பேன்ட் போட மறந்தாலும் குடையை மறக்கமாட்டான். பள்ளி விட்டதும் எபிசோடு என் குடையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, "நீ எஸ்தர் கொடையில போயிரு" என்று முன்னால் ஓடினான். அதில் என்ன சூழ்ச்சியோ என்று நினைத்தேன். என் பைக்குள் அப்பா வைத்திருந்த எஸ்டேட் பிளாஸ்டிக் கொங்காடை இருந்தது. மடிப்பைப் பிரித்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்து, பிடுங்கிய குடை அவன் கையில் மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. எஸ்தர் ஓடிப்போய் அவனைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர்கள் தோள் உரச முன்னால் போக, பிளாஸ்டிக்குக்குள் வியர்த்தபடி நான் பின்னால் நடந்தேன். உடைந்த குடைக்கு வீட்டில் திட்டு வாங்கியதும் நான்தான்.

காய்ச்சல் எபிசோடு அதைவிட மோசம். ஹீரோ காய்ச்சலில் படுப்பான், ஹீரோயின் கஞ்சி எடுத்துக்கொண்டு வருவாள். "நீ கொஞ்ச நேரம் மழையில நில்லேன், ட்ரயலுக்கு" என்றான். முடியாது என்றேன். எப்படி நிற்க வேண்டும் என்று எனக்குக் காட்டுவதற்காக அவன் போய் நின்றான். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஹாஸ்டலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை எஸ்தர் தூக்குப்போசியில் கஞ்சியோடு பஸ் ஏறினாள். நானும் ஏறினேன். மாரமங்கலம் போகிற வரைக்கும் அவளிடம் நான் பேசக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம் அது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தடவை, "கஞ்சி ஆறிருமா?" என்று மட்டும் கேட்டாள். ஆறிவிடும் என்றேன்.

இத்தனையும் அனிமேயில் பார்த்துச் செய்தது. ஒன்றே ஒன்று மட்டும் அவனுக்குச் சொந்தமாகத் தோன்றியது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அக்டோபரில் ஒரு சாயங்காலம் ஃபிசிக்ஸ் சாரோடு வியூ பாயின்ட்டுக்கு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். சார் மிளகாய் பஜ்ஜி வாங்கக் கடைக்குப் போனார். மேலே வானம் சுத்தமாக மூடிக் கிடந்தது. ஆனால் கீழே பனி விலகி, சேலம் முழுக்க விளக்கு. எபிசோடு கீழே எட்டிப் பார்த்தான். அப்புறம் டெலஸ்கோப்பின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பினான்.

"எஸ்தர், இங்க வந்து பாரு. அந்தா நீளமாப் போகுதே, அது அஸ்தம்பட்டி ரோடு. இனி அதுக்கு ஓணான்னு பேரு. பஸ் ஸ்டாண்டு பக்கம் கும்பலா இருக்குதுல்ல, அது பரோட்டா மண்டலம்."

"அது நகருதே" என்றாள் எஸ்தர், கண்ணை எடுக்காமல்.

"நகந்தா அது கெரகம். அடிவாரத்துல இருந்து ஏறி வர்ற கடைசி பஸ்ஸு. வளைவுல மறஞ்சு மறஞ்சு வரும் பாரு."

அவள் அந்த பஸ் மேலே வந்து சேருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. அந்த மாதிரி ஒரு முகத்தை என்னால் எந்தக் காலத்திலும் வரவழைக்க முடியாது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அந்த விளக்குகளைப் பார்க்கிறவன். கரண்ட் பில் யார் கட்டுவார்கள் என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அவன்மேல் வந்த பொறாமையில் சார் கொடுத்த பஜ்ஜியைக்கூட நான் சாப்பிடவில்லை.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். கீழே சமவெளியில் சில ஊர்களில் முழு வளையமாகத் தெரியுமாம். எங்கள் மலைக்குப் பிறைதான். எபிசோடு பரபரப்பாகிவிட்டான்.

"லாஸ்ட் எபிசோடுடா. கடைசியில வானத்துல பெரிசா ஒண்ணு நடக்கும். அதுக்குக் கீழ நின்னு ஹீரோ மனசுல இருக்கறதச் சொல்லிருவான். ஏற்காட்டுல பனி இருக்கும். எங்கூருப் பக்கம் வெளுத்துரும். ரெண்டு பேரும் காலைல மொத பஸ்ஸுக்கு வந்துருங்க."

அவன் சொல்லப் போகிறான். எனக்குத் தூக்கம் போயிற்று. அவன் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பஸ்ஸிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் ஏறினேன். எஸ்தர் மடியில் அவள் அம்மா செய்த கிறிஸ்துமஸ் கேக்கும், கிரகணம் பார்க்கிற அட்டைக் கண்ணாடிகளும் இருந்தன. "எஸ்தர், ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அவனுக்கு ப்ளம் கேக் புடிக்குமா?" என்று கேட்டாள். ஊர் வந்துவிட்டது.

எபிசோடு சொன்ன மாதிரியே மாரமங்கலத்தில் பனி விலகி, வெயில் சுள்ளென்று அடித்தது. அரை வருஷத்தில் எங்கள் மன்றத்துக்குக் கிடைத்த முதல் சுத்தமான வானம். வாசலில் காப்பிக்களத்தில் நிற்கப் போனோம். அவன் அம்மா வந்து எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்தார்.

"உள்ள வாங்க சாமி. கெரகணம் புடிக்கற நேரத்துல வயசுப் புள்ளைங்க வெளிய நிக்கக் கூடாது."

"அம்மா, அதப் பாக்கத்தாம்மா வந்திருக்காங்க" என்றான் எபிசோடு.

"அதப் பாக்கறதுக்கு என்ன இருக்குது? முடிஞ்சதும் சூரியன் அங்கயேதான் நிக்கும், அப்பப் பாத்துக்கலாம்."

எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டு, அதன் மேலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் இருட்டு. நடுவில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். கிரகணம் இருக்கிற வரைக்கும் அது விழாமல் நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. சாப்பாட்டுப் பாத்திரங்களின் மேலெல்லாம் தீட்டுப் படாமல் இருக்க அருகம்புல். எஸ்தர் கையிலிருந்த கேக்கை வாங்கி, அதன் மேலும் பயபக்தியோடு இரண்டு புல்லைக் கிள்ளி வைத்தார்.

"ஏசு பொறந்த நாள் பண்டம். கெட்டுப் போயிரக் கூடாதில்ல கண்ணு" என்றார். எஸ்தர் ஆமாங்க என்றாள்.

அப்படியாக, எங்கள் வானியல் மன்றம் அரை வருஷம் காத்திருந்து, வானம் திறந்த ஒரே காலையில், வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. எபிசோடு தலையில் கைவைத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வானம் இல்லையென்றால் லாஸ்ட் எபிசோடு இல்லை. அவன் சொல்லப் போவதும் இல்லை.

எஸ்தர்தான் முதலில் பார்த்தாள். "தரையப் பாருங்க" என்றாள்.

பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்கு ஓடு இடைவெளியில் வழக்கமாக வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும். அன்றைக்கு ஒரு பொட்டுக்கூட வட்டமாக இல்லை. அத்தனையும் பிறை. தரை முழுக்க, தாம்பாளத்தில், உலக்கை மேல், கேக்கின் மேல் வைத்த புல்லில், எங்கும் பிறை. ஒவ்வொரு சந்தும் ஒரு சூரியனை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

அவன் அம்மா எழுந்துவிட்டார். "ஏனுங்க இது, கதவச் சாத்துனா ஊட்டுக்குள்ளயே வந்துருச்சு" என்று ஒரு முறத்தை எடுத்து ஒரு பிறையை மூடினார். அது முறத்தின் மேல் ஏறிக்கொண்டது. முறத்தை நகர்த்தினார். அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தது. கடைசியில் அவரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்க்க ஆரம்பித்தார். எஸ்தர் உள்ளங்கையை நீட்டி ஒரு பிறையைப் பிடித்தாள். பிறை மெலிந்துகொண்டே வந்தது.

எபிசோடு என் விலாவில் இடித்தான். "இப்பச் சொல்லு" என்றான் ரகசியமாக.

"என்னத்த?"

"உன் வசனத்த. லாஸ்ட் எபிசோடுடா. ஹீரோ இப்பச் சொல்லணும்."

"ஹீரோவா? நானா?"

"பின்ன நானா? நான் ஃப்ரெண்டு. மொதல்ல இருந்தே நீதாண்டா ஹீரோ. பன்ன உங்கிட்டதான் குடுத்தேன். கொடைய உங்கிட்ட இருந்துதான் புடுங்குனேன். நீ ஒண்ணுலயும் ஒழுங்கா நிக்கலியே."

"என்னைய எதுக்கு ஹீரோவாப் போட்ட?"

"இந்த மாதிரிக் கதையில ஹீரோவுக்கு ஒரு தெறமையும் இருக்காது. மூஞ்சியும் சாதாரணமா இருக்கும். சும்மா நிப்பான். நம்ம ஸ்கூல்ல உன்ன விட்டா யாரு இருக்கா?"

ரகசியமாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வீட்டில் உலக்கைகூட அசையாமல் நின்ற நேரம் அது. எல்லாருக்கும் கேட்டுவிட்டது. எஸ்தர் என்னைப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"என்ன சாமி சொல்லணும்? பசிக்குதா?" என்றார் அவன் அம்மா. "இன்னுங் கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்க."

எஸ்தர் கையிலிருந்த பிறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த அனிமேய நான் ஆகஸ்ட்லயே பாத்துட்டேன். எனக்கு அதுல அந்த ஹீரோவப் புடிக்கவே இல்ல. ஃப்ரெண்டத்தான் புடிச்சுது."

எதற்கெடுத்தாலும் இது நாலாவது எபிசோடு, இது ஏழாவது எபிசோடு என்று சொல்கிற பயல் அவன். "அப்படி ஒரு எபிசோடே இல்லியே" என்றான். அம்மா கையிலிருந்த முறத்தை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். முறத்தின் மேலும் பிறைகள் ஆடின. முகத்தை ஏன் மறைக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் அரை வருஷமாக அவளை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். ஹீரோ என்று எனக்கு இரண்டு நிமிஷம்தான் பதவி. அதற்குள் கதை மாறிவிட்டது.

உலக்கை சாய்ந்து, கிரகணம் விட்டது. கிரகணம் விட்டதும் தலைக்குக் குளிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. டிசம்பர் மாதத்து மலைத்தண்ணீரை அவன் அம்மா குடம் குடமாக என் தலையில் ஊற்றினார். அந்தத் தண்ணீரோடு தண்ணீராக நன்றாக அழுதேன்.

"குளுருதா கண்ணு? அழுவாத. இந்தா, ஒரு கொடம்தான்" என்று இன்னொன்றையும் ஊற்றினார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எபிசோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஈரத்தலையில் துண்டு. கொஞ்ச நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

"உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிருடா. நான் வேண்டான்னு சொல்லிர்றேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஆமாம் என்றால் அந்த நிமிஷமே எழுந்து போய் அவளிடம் சொல்லிவிட்டு வருவான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நிம்மதியாக ஒருவனை வெறுக்கக்கூட விடமாட்டான். "போடா, சீன் போடாத" என்றேன். அவன் தோளில் கைபோட்டான். தட்டிவிட்டேன். மறுபடி போட்டான்.

அதெல்லாம் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. எஸ்தர் ஃபிசிக்ஸில் எம்.எஸ்ஸி. முடித்து மலையிலேயே டீச்சராக இருக்கிறாள். எபிசோடு காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். மீதி நேரத்தில் அனிமேக்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறான். அவன் எழுதிய சப்டைட்டிலில் ஜப்பான் பள்ளிக்கூடப் பெண்கள், "ஏனுங்க, நொம்பக் குளுருதுங்களே, ஊட்டுக்குப் போலாங்களா" என்றுதான் பேசுவார்கள். அதற்கு ஊர் ஊராக ரசிகர்கள். நான் சென்னையில் ஒரு பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து மாய்ந்து மாய்ந்து எழுதுகிறேன். ஒருவரும் ஒரு வரி எழுதிப் பாராட்டுவதில்லை. இதற்கும் எனக்குப் பொறாமைதான்.

வருகிற தை மாதம் அவர்கள் இருவருக்கும் கல்யாணம். காலையில் சர்ச்சில், சாயங்காலம் மாரமங்கலத்தில். பெண்ணை மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்த தியாகியாக என்னை யாரும் பாராட்டப் போவதில்லை என்பதும் தெரியும்.

புதிதாக எந்தச் சப்டைட்டில் எழுதினாலும், வெளியே விடுவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து முழுக்க எனக்குப் படித்துக் காட்டுவான். இந்த வருஷங்களில் ஒரு வாரம் தவறியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. மத்தியானம் நானே கூப்பிட்டேன்.

"அதயாடா? நேத்தே எஸ்தர்கிட்டப் படிச்சுக் காட்டிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா" என்றான்.

போனை வைத்த பிறகு வயிறு பழையபடி எரிந்தது. பிளஸ் டூவிலிருந்து பழகிய எரிச்சல்தானே என்று தண்ணீர் குடித்தேன். அடங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, இந்தத் தடவை எனக்குப் பொறாமை அவன்மேல் இல்லை, எஸ்தர்மேல்.